நானூறு கிராம் போன வழி

தராசுக்காரர் என்றால் அந்த ஊரில் ஒரே ஆள்தான். கடை கடையாகப் போவார். தராசு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். சரியாக நின்றால் முத்திரை குத்துவார், நிற்காவிட்டால் கழற்றிப் பழுது பார்ப்பார். பழுதில்லை, திருட்டு என்று தெரிந்தால் கடைக்காரரின் மானத்தைத் தெருவில் வைத்து வாங்கிவிட்டுத்தான் கிளம்புவார். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவரையும், தட்டின் ஓரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தியவரையும் இருபது வருஷத்தில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அவருடைய பித்தளை எடைக்கற்களை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வை பட்டால் எடை மாறுமாம். துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

நல்ல மனுஷன். ஆனால் கூட இருக்கிறவர்களுக்குத்தான் சீவன் போகும். உப்புப் பாக்கெட் வாங்கி வந்தால் முதலில் நிறுத்துவார், பிறகுதான் பிரிப்பார். மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவள், மாத்திரை எண்ணியே பொறுமை பழகியவள். அந்தப் பொறுமையும் பதினோரு வருஷத்தில் தீர்ந்துபோயிற்று. "உங்களோட இருந்தா மூச்சு விடறதுக்கும் கணக்கு கேப்பீங்க" என்றாள் ஒருநாள் காலையில். "நிமிஷத்துக்குப் பதினாறு" என்றார் இவர். சமாதானமாகத்தான் பேசினோம் என்று இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, மருந்துக்கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பெண். ஒன்பது வயது. அப்பா அவளைக் குண்டுமணி என்று கூப்பிடுவார். வாரநாளெல்லாம் அம்மா வீடு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா வீட்டுக்கு நடந்து வந்துவிடுவாள், கால்மணி நேரத் தூரம்தான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிப் போவாள். வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டது, ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. அந்த இரண்டு ராத்திரிக்காகத்தான் மனுஷன் மீதி ஐந்து ராத்திரியைத் தள்ளினார் என்று சொன்னால் மிகை இல்லை. சனிக்கிழமை காலையில் அவள் இன்னும் தூங்குகிறாளா என்று கதவோரம் நின்று பார்ப்பதுதான் அவர் வாரம் முழுக்கக் காத்திருந்து வாங்கும் கூலி.

அம்மாவுக்கு வாடகை ஏறியது. பிள்ளை செலவுக்கு அப்பா எவ்வளவு தர வேண்டும் என்று முறையாக எழுதி வாங்கிவிடலாம் என்று மனு கொடுத்தாள். நியாயம்தானே, அவரும் மறுப்புச் சொல்லவில்லை. மனுவை வாங்கியது குடும்ப விவகார அலுவலகத்தில் ஒரு ஒல்லி மனிதர். மூன்று நிறத்தில் பேனா வைத்திருப்பார். யார் என்ன சொன்னாலும், அழுதாலும்கூட, "இதை எந்தக் கட்டத்துல போட?" என்று கேட்பார். அதனால் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர்.

கணக்கு என்னவோ சுலபம்தான் என்றார் கட்டக்காரர். அப்பா சம்பளத்தையும் அம்மா சம்பளத்தையும் கூட்ட வேண்டும். அந்த வருமானமுள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்ன செலவாகும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். அந்தச் செலவைச் சம்பள விகிதத்தில் இரண்டு பேருக்கும் பிரிக்க வேண்டும். பிறகு பிள்ளை அப்பா வீட்டில் எத்தனை ராத்திரி தங்குகிறதோ அதற்குத் தகுந்தபடி அப்பா தருவதில் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம்.

முப்பத்தோராம் கேள்வியில்தான் வினை வந்தது. 'பிள்ளை உங்கள் வீட்டில் தங்கும்போது அதற்கு முழுச் சாப்பாடும் நீங்கள்தான் தருகிறீர்களா? ஆதாரம் இணைக்கவும்.' அம்மா தன் படிவத்தில், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தில், 'அங்கே போய்விட்டு வந்தால் பிள்ளை பசியோடு வருகிறாள்' என்று எழுதித் தொலைத்திருந்தாள். அது வெறும் புலம்பல். புலம்பலுக்கும் ஒரு கட்டம் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சாப்பாட்டோட தங்கினாத்தான் அது தங்கல்" என்றார் கட்டக்காரர், சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டே. "சாப்பாடு இல்லாம தங்கினா அது வருகை. வருகைன்னா ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போறது. ராத்திரி கிடையாது. ஆறு வாரம் டைம் தரேன், ஆதாரம் கொண்டாங்க."

தராசுக்காரர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு அப்பா, ஒரு வேன் டிரைவர், கட்டுக் கட்டாகக் கடை ரசீது வைத்திருந்தார். "ரசீது சேத்து வைங்க சார், அதுதான் வழி" என்றார்.

"ரசீதா?" தராசுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரசீதுல கடைக்காரன் என்ன வித்தான்னுதாங்க இருக்கும். வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு எங்க இருக்கு? யாரு வயித்துல போச்சுன்னு எங்க இருக்கு?"

வேன் டிரைவர் ரசீதுக் கட்டைப் பையில் திணித்துக்கொண்டார். நம்மவருக்கோ மண்டையில் விளக்கு எரிந்துவிட்டது. சாக்கு மூட்டை நிறுத்துவதற்காக வீட்டுக் கூடத்தில் ஒரு மேடைத் தராசு கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பிள்ளை வந்ததும் ஏற்றி நிறுத்துவது, ஞாயிறு கிளம்பும்போது இன்னொரு தரம் நிறுத்துவது. கூடியிருந்தால் சாப்பிட்டிருக்கிறாள். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? இப்படி யோசிக்க உலகத்தில் ஒரு ஆளால்தான் முடியும், அந்த ஆள்தான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளையிடமும் மறைக்கவில்லை. "கூடியிருந்தா நீ இங்க ராத்திரி தங்கலாம்டா. இல்லன்னா ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும்தான் வர விடுவாங்க." இப்படிப் போய்க் குழந்தையிடம் யாராவது சொல்வார்களா? அவர் சொன்னார். அளவை மறைப்பது அவருக்குத் திருட்டு மாதிரி.

முதல் வாரம் ஐம்பது கிராம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் முட்டை அவித்தார், உருளைக்கிழங்கு வேகவைத்தார், இரண்டு நாளில் ஒன்பது வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பெண் அத்தனையையும் தின்றுவிட்டுத் தெருவெல்லாம் ஓடித் தீர்த்துவிட்டாள். தின்ற கணக்கையும் குறைந்த கணக்கையும் உள்ளபடியே நோட்டில் எழுதி முத்திரை குத்தினார். இரண்டாவது வாரம் முந்நூற்று ஐம்பது கிராம் கூடியது. மூன்றாவது வாரமும் அப்படியே. மனுஷன் தரையில் நடக்கவில்லை. நோட்டைக் கட்டக்காரர் மேஜையில் வைத்தபோது கட்டக்காரருக்குமே கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆதாரம் பாத்ததில்ல. அப்படியே கட்டத்துல உக்காருது" என்றார்.

சட்டப்படி நோட்டின் நகல் அம்மாவுக்குப் போயிற்று.

"என் பிள்ளைய மூட்டை மாதிரி நிறுத்திருக்காரு!" என்று மருந்துக்கடையே அதிரக் கத்தினாள். கத்தியவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஞாயிறு பிள்ளை வந்து சேர்ந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் இருக்கிற தராசில் ஏற்றினாள். என்னத்தைச் சொல்ல! அப்பா நோட்டில் இருபத்துநாலு கிலோ அறுநூற்று ஐம்பது. இங்கே இருபத்துநாலு கிலோ இருநூற்று ஐம்பது. சுளையாக நானூறு கிராமைக் காணோம். அடுத்த ஞாயிறும் அதே நானூறு. அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதும் நிறுத்த ஆரம்பித்தாள், தன் வீட்டிலும் பிள்ளை குறைவதில்லை என்று காட்ட. இரண்டு வீட்டுக்கு நடுவில் அந்தப் பெண் தராசில் ஏறி இறங்கியே களைத்துப் போயிருப்பாள்.

கட்டக்காரர் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கால்மணி நேரத்துல நானூறு கிராம். வழியில என்ன நடக்குது? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாவதா ஏதாவது வீடு இருக்கா?"

"அவரு தராசு பொய்" என்றாள் அம்மா.

புருஷனாக லாயக்கில்லை என்று அவள் பத்துப் பேர் முன்னால் சொன்னபோதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு நின்ற மனுஷன், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் தராசா பொய்? உன் தராசப் பாரு மொதல்ல!"

"ரெண்டையும் சோதிக்கணும்" என்றார் கட்டக்காரர். "உரிமம் வச்சிருக்கற ஆளை வச்சு." பட்டியலை எடுத்துப் புரட்டினார். பட்டியலில் ஒரே பெயர். கட்டக்காரர் அந்தப் பெயரைப் பார்த்தார், எதிரில் நின்றவரைப் பார்த்தார், பிறகு நீலப் பேனாவால் உத்தரவு எழுதினார். விதி விதிதானே.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தராசுக்காரர் பித்தளைக் கல் பெட்டியோடு மருந்துக்கடைக்குப் போய் நின்றார். வேலையாகப் போனால் வேலை மரியாதை.

"வணக்கம். தராசு சோதனை. பொறுப்புல யாருங்க இருக்கீங்க?"

"எம் முகம் தெரியல?"

"பொறுப்புல இருக்கறவங்க கையெழுத்துப் போடணுங்க."

"போடறேன். சோதிச்சுத் தொலைங்க."

வாசலில் கிடந்த தராசின் முன்னால் மண்டியிட்டார். துணி சுற்றிக் கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினார். ஐந்து கிலோ, பத்து, இருபது, இருபத்துநாலு. முள் மயிரிழை பிசகவில்லை. மூலைக்கு மூலை கல்லை நகர்த்திப் பார்த்தார். அப்போதும் பிசகவில்லை. மருந்து வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும், 'பழுது' என்று. எழுதினால் அந்த இரண்டு ராத்திரியும் அவருக்குத்தான். கேட்க ஆளில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

'சரி' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அவள் சான்றிதழை வாங்கிப் படித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஏனோ சந்தோஷமே வரவில்லை. "தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். "வேலை நேரங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தன் தராசைச் சோதித்தார். அதுவும் சரி. நான்கு தரம் சோதித்தார், நான்கு தரமும் சரி. தலையைப் பிய்த்துக்கொண்டார். இரண்டு தராசும் சரியென்றால் தப்பு எங்கே? அந்தக் கால்மணி நேரத் தூரத்தைத் தானே நடந்து பார்த்தார், ஏதோ வழியில் நானூறு கிராம் விழுந்து கிடக்கிற மாதிரி.

ஞாயிறு வந்தது. ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். குண்டுமணி பையை ஓரமாக வைத்துவிட்டுத் தராசை நோக்கி வந்தாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பார்த்தார். கால்களைச் சற்று அகட்டி, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். தட்டில் ஏறியபோது 'டிங்' என்று அமுங்கின ஒரு சத்தம். பித்தளைச் சத்தம் அவருக்கா தெரியாது? தூக்கத்தில் கேட்டாலும் எத்தனை கிராம் கல் என்று சொல்லுவார்.

"சாக்ஸைக் கழட்டுடா."

பெண் அசையவில்லை. உதடு பிதுங்கியது. அவரே குனிந்து கழற்றினார். ஒரு சாக்ஸில் இருநூறு கிராம் கல், இன்னொன்றில் இன்னொரு இருநூறு. கீழ் இழுப்பறையில் கிடக்கிற பழைய பெட்டிக் கற்கள். அவருடைய முத்திரை போட்டவை. இரண்டையும் கைக்குட்டைத் துண்டில் அழகாகச் சுற்றியிருந்தாள்.

"வெறுங்கையால தொடலப்பா" என்றாள் அவசரமாக. "துணி சுத்தித்தான் எடுத்தேன்."

இருபது வருஷத்தில் எத்தனை திருடர்களைப் பிடித்திருப்பார், ஒருத்தரிடமாவது என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறாரா?

"ஏன்டா?"

"மொத வாரம் கொறஞ்சப்ப நீங்க பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதீங்கல்ல. எனக்குக் கேட்டுச்சு."

"அம்மா நிறுத்தும்போது?"

"அம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு பூந்தொட்டி இருக்குல்ல, அதுல போட்டுட்டு மேல போவேன். வெள்ளிக்கிழமை எடுத்துப் பையில வச்சுக்குவேன்." கொஞ்சம் யோசித்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தவளாக, "அம்மா நிறுத்தும்போது செருப்பு சாக்ஸ் எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க, கல்லு செல்லாது. அதனால வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு ஏறுவேன். அம்மாவுக்கும் கொறையக் கூடாதுல்ல?" என்றாள்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் கண்ணில் மண்ணைத் தூவினாலும் தன் கண்ணில் தூவ முடியாது என்று மார்தட்டியவர். ஒன்பது வயதுப் பெண் இரண்டு சாக்ஸை வைத்துக்கொண்டு நாலு வாரமாகத் தூவியிருக்கிறாள். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அந்த இரண்டு ராத்திரியையும் காப்பாற்றத் தான் மட்டும்தான் பாடுபடுகிறோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரே, அதுதான் அவரைப் போட்டு அறைந்தது. பெண்ணைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டார். வெட்கமே இல்லாமல், குழாயைத் திறக்காமல், அழுதார்.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள் முழுக்கப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெண் பெயர் கோப்பில் ஏறும். சொல்லாவிட்டால் பொய் எடைக்கு அவர் முத்திரை. கடைசியில் கட்டக்காரர் முன்னால் அந்த இரண்டு கல்லையும் வைத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்: "அந்த நானூறு கிராம் இதுதாங்க. நான்தான் வச்சேன். என் நோட்டு பொய். ராத்திரியெல்லாம் எடுத்துக்கங்க, வருகைன்னே போட்டுக்கங்க."

கட்டக்காரர் டைப் அடிக்க ஆரம்பித்தார். அம்மா அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்" என்றாள்.

"என்னம்மா?"

"இந்த ஆள் பொய் சொல்றாரு. அளவுல இவருக்குப் பொய் சொல்ல வராதுங்க. எனக்குச் சாதகமா என் தராசையே சரின்னு எழுதிக் குடுத்துட்டுப் போன ஆளு. கல்லுல செம்மண்ணு ஒட்டிருக்கு, பாருங்க. அது எங்க மாடிப்படிக்குக் கீழ இருக்கற பூந்தொட்டி மண்ணு." அவர் பக்கம் திரும்பி, "பாப்பாதானே?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பாட்டில் தண்ணீர்க் கதையையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கட்டக்காரருக்குத் தெரியவில்லை, எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

"முப்பத்தொண்ணாங் கேள்விக்கு ஆமான்னு போடுங்க" என்றாள். "ஒன்பது வாழைப்பழம் உரிச்சுக் குடுத்திருக்காரு. தங்கல்தான். ரெண்டு ராத்திரி."

"ஆமான்னு போட்டா தொகை குறையும்."

"குறையட்டும்."

"குறைய வேணாங்க" என்றார் தராசுக்காரர். "ராத்திரி ரெண்டும் இருக்கட்டும், தொகைய முழுசாவே போடுங்க. அவளுக்கு வாடகை ஏறிடுச்சு."

"அதெல்லாம் எனக்கு வேணாம். கணக்குப்படி என்ன வருதோ அது போதும்."

"நான் தரேங்கறேன், நீ..."

"நான் வாங்க மாட்டேங்கறேன்!"

கட்டக்காரர் மூன்று பேனாவையும் கீழே வைத்துவிட்டார். பதினெட்டு வருஷ சர்வீஸில் சண்டை இந்தப் பக்கமாகப் போய் அவர் பார்த்ததே இல்லை. "கணக்குக்கு மேல தர கட்டம் இல்ல. கணக்குக்குக் கீழ வாங்கவும் கட்டம் இல்ல" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, வந்த தொகையை எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினார்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. தராசுக்காரர் கொடுத்த வாக்குமூலம் டைப் ஆகிவிட்டது, டைப் ஆனதை அழிக்கக் கூடாதாம். பொய் எடை என்றால் அது இன்னொரு துறையின் விஷயம். அந்தத் துறை, உரிமம் உள்ள ஆளை வைத்து விசாரித்து அறிக்கை தரும்படி கடிதம் அனுப்பியது. கடிதம் யாருக்கு வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? மனுஷன் உட்கார்ந்து தன்னைத் தானே முறையாக விசாரித்தார். 'தராசு சரி. கல் சரி. நிறுத்தியவன் செய்தது சரியில்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, அனுப்பினார். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். குண்டுமணி பையை வைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் தானாகப் போய்த் தராசில் ஏறி நின்றாள். வெறுங்காலோடு. அவர் சமையலறையிலிருந்து வேகமாக வந்தார், இறங்குடா, இனிமேல் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார். அதற்குள் முள் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் விளையாட்டுக்கு ஏறியபோது பார்த்ததைவிட நூற்று ஐம்பது கிராம் கம்மி. அந்த அளவு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவுப்பா? கொறஞ்சிருக்கா?"

அவர் அதற்குமேல் முள்ளைப் பார்க்காமல் அவளை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண், கனமாகத்தான் இருந்தாள்.

"சரியா இருக்குடா" என்றார்.